யாழ்ப்பாணத்தில் புதுக்குடித்தனம்: வீட்டைப் பார்க்க முன்பு கிணற்றைப் பாருங்கள்

கலியாணம் முடிந்து வேலை காரணமாக யாழ்ப்பாணம் வரும் தம்பதிகள் பெரும்பாலும் முகநூலில் வரும் வாடகை வீட்டுப் படங்களில் இருந்துதான் தேடத் தொடங்குகிறார்கள். மாபிள் தரை, புதுக் குசினி, தனி வாசல் எல்லாம் படத்தில் வரும். கிணற்றுத் தண்ணீர் சவரா (உப்புக் கரிக்குமா) என்பதும், கார்த்திகை மழையில் ஒழுங்கை எப்படிக் கிடக்கும் என்பதும், இரவு எட்டு மணிக்கு அந்த வீதியால் ஒரு பெண் தனியாக வரலாமா என்பதும் வராது. குடிவந்த ஆறு மாதத்தில் வீடு மாறுபவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றால்தான் மாறுகிறார்கள். ஆகவே முதலில் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள், அதற்குள் வீட்டைத் தேடுங்கள். முடிந்தால் முதல் மூன்று நான்கு கிழமைக்கு உறவினர் வீட்டிலோ மாத வாடகை அறையிலோ தங்கிக்கொண்டு தேடுவது நல்லது. கொழும்பிலோ மட்டக்களப்பிலோ இருந்தபடி தொலைபேசியில் முற்பணம் அனுப்பாதீர்கள்.

முதற்படி: இரண்டு பேரின் நாளையும் ஒரு தாளில் எழுதுங்கள்

யாழ் நகரில் இருந்து பிரதான வீதிகள் பிரிந்து போகின்றன. காங்கேசன்துறை வீதியில் கொக்குவில், தாவடி, இணுவில், மருதனார்மடம், சுன்னாகம் வரும். பலாலி வீதியில் கந்தர்மடம், திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய். பருத்தித்துறை வீதியில் நல்லூர், கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய், நீர்வேலி. கண்டி வீதியில் சுண்டிக்குளி, அரியாலை. மானிப்பாய் வீதியில் ஆனைக்கோட்டை, மானிப்பாய். ஒரே வீதியில் மேலும் கீழும் போவது சுலபம். ஒரு வீதியில் இருந்து இன்னொன்றுக்குக் குறுக்காகப் போவதுதான் நேரத்தைத் தின்னும். ஒழுங்கைகள் ஒடுக்கம், கொக்குவில், கோண்டாவில் பக்கம் புகையிரதக் கடவைகள் வேறு.

போதனா வைத்தியசாலையில் முறைமாறி வேலை செய்பவருக்கு நகரத்தில் இருந்து மூன்று நான்கு கிலோமீற்றருக்குள் வீடு வேண்டும். பல்கலைக்கழகத்தில் வேலை என்றால் திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில். மாவட்டச் செயலகம் என்றால் சுண்டிக்குளி, அரியாலை, நல்லூரின் தெற்குப் பக்கம். கைதடியில் உள்ள மாகாண அலுவலகங்களுக்குக் கண்டி வீதியாலும் கோப்பாய் வழியாலும் போகலாம் என்பதால் அரியாலைக்கும் கோப்பாய்க்கும் இடையில் எங்கிருந்தாலும் சரி. கிளிநொச்சி அறிவியல் நகருக்குத் தினமும் போய்வருபவர் கண்டி வீதியை விட்டு உள்ளே போகக்கூடாது. காலையில் நகரைக் கடக்கும் அரைமணி நேரமே ஆளைக் களைக்கச் செய்துவிடும்.

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போனால், இரவில் பிந்தி வருபவரின் வழிக்கு முதலிடம் கொடுங்கள். மாலை ஏழு மணிக்குப் பிறகு உள்ளூர்ப் பேருந்துகள் குறைந்துவிடும், சில வீதிகளில் இல்லவே இல்லை. ஓட்டோ கிடைக்கும், ஆனால் மாதம் முழுக்க அதை நம்பினால் வாடகையில் மிச்சம் பிடித்தது அதிலேயே போய்விடும். ஸ்கூட்டர் ஒன்று இருந்தால் பத்துக் கிலோமீற்றர் ஒரு தூரமில்லை. ஒருவரிடம் மட்டும் வாகனம் இருந்தால், வாகனம் இல்லாதவர் நடந்து சந்திக்குப் போகும் தூரம் 500 மீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. வேலைக்குப் போகாமல் வீட்டில் இருப்பவர் இருந்தால், கடைசி முடிவு அவருடையதாக இருக்கட்டும். அந்த ஒழுங்கையில் பகல் முழுக்க இருக்கப்போவது அவர்தான்.

பெற்றோர் வீடு பற்றியும் இந்தத் தாளிலேயே எழுதுங்கள். முதற்பிள்ளை பிறந்தால் பெண்ணின் தாயார் வந்து நிற்பார். 31ஆம் நாள் துடக்குக் கழிவு வரைக்குமாவது ஒரு தனி அறை தேவை. ஒற்றை அறை அனெக்ஸை மலிவென்று எடுத்தவர்கள் நிறைமாதத்தில் வீடு தேடி அலைவது இங்கே அடிக்கடி நடக்கிறது. இரண்டு அறையாகவே பாருங்கள்.

இரண்டாம் படி: தண்ணீர்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மழைநீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியில் உள்ள கடல்நீருக்கு மேலே ஒரு படையாக மிதக்கிறது. கிணற்றில் அள்ளுவது அந்தப் படையைத்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியில் உள்ள உப்புநீர் மேலே ஏறும். கரையோரத்தில் அந்தப் படை மெல்லியது. அதனால் குருநகர், பாசையூர், நாவாந்துறை, கொழும்புத்துறை ஓரங்களில் கிணறு சவராக இருக்கும். உள்ளே திருநெல்வேலி, கோண்டாவில், உரும்பிராய், கோப்பாய் போன்ற செம்மண் பகுதிகளில் நல்ல தண்ணீர் கிடைக்கும். ஆனால் ஒரே ஒழுங்கையில் நாலு வீடு தள்ளினால் தண்ணீர் மாறும். ஊரின் பெயரை நம்பாமல் அந்த வளவின் கிணற்றைச் சோதியுங்கள்.

வீடு பார்க்கப் போனால் அறைகளுக்குள் போக முன்பு கிணற்றடிக்குப் போங்கள். தாங்கியில் இருந்து வரும் குழாய்த் தண்ணீரைக் காட்டினால் போதாது. வாளியால் அள்ளச் சொல்லி, கழுவிய கண்ணாடிப் போத்தலில் ஒரு லீற்றர் எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், மணந்து பாருங்கள். ஒரு வாய் வைத்தால் சவர் தெரியும். கையில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். நுரை வராமல் தயிர் திரைந்த மாதிரித் திட்டுத்திட்டாக வந்தால் கல்சியம் கடுமை. மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் எவர்சில்வர்ச் சட்டியில் வற்றக் காய்ச்சினால் அடியில் வெள்ளைப் படிவு தெரியும். ஓரளவு படிவு யாழ்ப்பாணம் முழுக்க உண்டு, அதனால் உடம்புக்குக் கேடில்லை. கேத்தலும் சுடுநீர்க் கருவியும் குளியலறை ஷவரின் துளைகளும் அடைபடும், அவ்வளவுதான். கரைந்த உப்பை அளக்கும் சிறு மானி மலிவாகக் கிடைக்கிறது. ஒரே மானியால் மூன்று நான்கு வீட்டுத் தண்ணீரை அளந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த மானி காட்டாத இரண்டு விஷயங்கள்தான் பெரியவை. ஒன்று நைத்திரேற்று. வெங்காயம், புகையிலை, மரக்கறித் தோட்டங்களுக்குப் போடும் உரத்தில் இருந்தும் மலக்குழிகளில் இருந்தும் அது நிலத்தடி நீருக்குள் இறங்குகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. அதற்கு மேற்பட்ட தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் சக்தியை இழந்து உடம்பு நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும். நல்ல ருசியான தோட்டக் கிணற்றிலும் இது இருக்கும் என்பதால் நாக்கை நம்ப முடியாது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடம் கேட்டு, கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். நைத்திரேற்று, பக்டீரியா, உப்பு ஆகிய மூன்றையும் கேளுங்கள். ஒரு வருடத்துக்குக் குடியிருக்கப் போகும் வீட்டுக்கு அந்தச் செலவு பெரிதல்ல. அளவு கூட இருந்தால் குடிக்கவும் சமைக்கவும் ஆர்.ஓ. (நுண்சவ்வால் வடித்த) தண்ணீர் தேவைப்படும். அந்தச் செலவை வாடகையோடு கூட்டிப் பாருங்கள்.

மற்றது மலக்குழி. யாழ் நகருக்குக் கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் வளவுக்குள் குழிதான். பழைய எட்டுப் பரப்பு வளவில் கிணறு ஒரு மூலை, குழி மறுமூலை என்று இருக்கும். அது இரண்டு பரப்பாகப் பிரித்து விற்கப்பட்டால் உங்கள் கிணற்றுக்குப் பத்தடியில் பக்கத்து வீட்டுக் குழி வந்துவிடும். கிணற்றுக் கட்டில் நின்று நாலு மதிலுக்கும் அப்பால் எட்டிப் பாருங்கள். கொங்கிறீற் மூடியும் காற்றுப்போக்கிக் குழாயும் எங்கே தெரிகின்றன என்று கவனியுங்கள். குறைந்தது 50 அடியாவது தள்ளி இருக்கவேண்டும். சுண்ணாம்புக்கல் வெடிப்புகளால் கழிவு வேகமாக ஓடும் என்பதால் அதற்கு மேல் எவ்வளவு கிடைத்தாலும் நல்லது.

வீட்டுக்காரரிடமும் அயலவரிடமும் தனித்தனியாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: "புரட்டாதியில கிணத்தில எவ்வளவு தண்ணி நிக்கும், அப்ப சவர்க்குதோ?" மழைக்கு முந்திய அந்த மாதத்தில்தான் நீர்மட்டம் ஆகக் கீழே போகும். தையில் வீடு பார்த்தால் எந்தக் கிணறும் நிரம்பி அழகாகத்தான் இருக்கும்.

தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்ட பிறகு குழாய்நீர் கூடுதலான இடங்களுக்கு வருகிறது. "பைப் லைன் வந்திட்டுது" என்று சொன்னால், வீட்டுக்கு இணைப்பும் மானியும் இருக்கிறதா, எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது என்று திறந்து பாருங்கள். வீதியில் குழாய் புதைத்திருப்பதும் குசினியில் தண்ணீர் வருவதும் வேறு வேறு. சுன்னாகம் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019இல் இழப்பீட்டுக்குத் தீர்ப்பானது. அந்தப் பக்கம் வீடு பார்ப்பவர்கள் எண்ணெய்க்கும் சேர்த்துப் பரிசோதனை கேட்கவேண்டும்.

மூன்றாம் படி: மழை

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவமழை. வருடத்து மழையில் பெரும்பங்கு இந்த மாதங்களில் கொட்டும், கார்த்திகை ஆக மோசம். பொம்மைவெளி, நாவாந்துறை, அரியாலையின் கிழக்கு ஓரம், நாவற்குழிப் பக்கம், கடலேரியை அண்டிய தாழ்நிலங்கள் சீக்கிரம் நிரம்பும். ஆனால் மேட்டுநிலம் என்று பெயர் பெற்ற இடங்களிலும் தனித்தனி ஒழுங்கைகள் மூழ்குகின்றன. அதற்கு இரண்டு காரணம். முன்பு குளமாகவும் வெள்ள வாய்க்காலாகவும் இருந்த நிலத்தை மண் போட்டு நிரப்பிக் கட்டியது ஒன்று. போருக்குப் பின் வீதிகளைக் காப்பெற் போட்டு உயர்த்தியதால் பழைய வளவுகள் வீதியை விடத் தாழ்ந்து போனது மற்றது.

படலையில் நின்று பாருங்கள். வீதியில் இருந்து வளவுக்குள் இறங்குகிறீர்களா, ஏறுகிறீர்களா? இறங்கினால் மழைநீரும் அதே வழியால் இறங்கும். மதிலின் உட்பக்கம் தரையில் இருந்து ஒரு முழ உயரத்தில் மண்ணிறக் கோடு ஓடுகிறதா, சுவரின் அடியில் பூச்சு உப்பிப் பொருக்குப் பொருக்காக உரிகிறதா என்று பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த வீடு என்றால் குளியலறைக் கதவுநிலையின் அடிப்பாகத்தைப் பாருங்கள். பெயின்ற் மறைத்தாலும் ஊதிய மரம் மறையாது. பிறகு சந்திப் பெட்டிக்கடையில் ஒரு சோடா வாங்கிக்கொண்டு, 2024 கார்த்திகை வெள்ளத்தில் இந்த ஒழுங்கை எப்படி இருந்தது என்று கேளுங்கள். கடைக்காரருக்கு உங்களிடம் வீடு கொடுக்கும் அவசரம் இல்லை.

வெள்ளம் வீட்டுக்குள் வராவிட்டாலும் நிலத்தடி நீர் ஏறினால் மலக்குழி நிரம்பி மலசலகூடம் இழுக்காது, கிணறும் பழுதாகும். 2024 வெள்ளத்துக்குப் பிறகு மாவட்டத்தில் எலிக்காய்ச்சல் பரவி உயிர்களும் போயின. டெங்கும் இதே பருவத்தில்தான். பக்கத்து வளவு வெளிநாட்டில் உள்ளவருடையதாகப் பற்றை மண்டிக் கிடந்தால், அதைத் துப்புரவாக்க உள்ளூரில் பொறுப்பானவர் யார் என்று கேட்டறியுங்கள். ஒருவரும் இல்லை என்றால் வேறு வீடு பாருங்கள்.

நான்காம் படி: பகுதிகளை எடைபோடுவது

நல்லூர் வாழ்வதற்கு அருமையான இடம், கையில் காசு இருந்தால். ஆடி, ஆவணியில் வரும் கந்தசுவாமி கோயில் திருவிழா 25 நாள். அப்போது கோயிலைச் சுற்றிய வீதிகள் வாகனங்களுக்கு மூடப்படும். வழித்தடைக்குள் வீடு என்றால் வாகன அனுமதி எடுக்கவேண்டும். ஒலிபெருக்கி காலையிலேயே தொடங்கும். பக்தி உள்ளவர்களுக்கு அது பாக்கியம், இரவு வேலை முடித்துப் பகலில் தூங்கும் தாதிக்குக் கஷ்டம்.

திருநெல்வேலியில் சந்தை, மருந்தகம், உணவகம் எல்லாம் நடை தூரத்தில் உண்டு. பல்கலைக்கழக மாணவர்கள் அனெக்ஸ்களை நிரப்புவதால் வாடகை ஏறும், வீடும் சீக்கிரம் கைமாறும். மாணவர் விடுதி ஒட்டியிருக்கும் வீட்டைத் தவிருங்கள். கொக்குவிலும் கோண்டாவிலும் புதுத் தம்பதிக்கு ஆகப் பொருத்தமானவை என்பது எங்கள் கணிப்பு: இரண்டு பிரதான வீதிகள், புகையிரத நிலையங்கள், பெரும்பாலும் நல்ல தண்ணீர். சுண்டிக்குளி அமைதி, பாடசாலைகள் அருகில், வாடகை கூடுதல். குருநகர், பாசையூரில் உயிர்மீன் வீட்டு வாசலுக்கு வரும், அயல் ஒற்றுமையும் பெரிது, தண்ணீருக்கு மட்டும் குழாய் இணைப்பு இருக்கவேண்டும். மானிப்பாயும் சுன்னாகமும் சொந்தச் சந்தையுள்ள சிறு பட்டினங்கள். நகரத்துக்குத் தினமும் போகத் தேவையில்லாதவர்களுக்கு அங்கே வாடகை இலாபம். கல்லுண்டாயில் மாநகரசபை குப்பை கொட்டும் இடத்துக்குக் கிட்டிய நவாலி, ஆனைக்கோட்டை ஓரங்களைச் சோளகக் (தென்மேல்) காற்று வீசும் வைகாசிக்கும் ஆவணிக்கும் இடையில் போய்ப் பாருங்கள். வாடைக் காலத்தில் மணக்காதது அப்போது மணக்கும்.

ஐந்தாம் படி: மூன்று நேரம் போங்கள்

பிடித்த வீதிக்குக் காலை ஏழு மணிக்கு ஒருமுறை, பாடசாலை விடும் ஒன்றரை மணிக்கு ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை போங்கள். இரவில் தெருவிளக்கு எரிகிறதா, வாசல்களில் ஆட்கள் இருக்கிறார்களா, சந்தியில் யார் கூடுகிறார்கள், நாய்கள் துரத்துகின்றனவா என்று பாருங்கள். மனைவி தனியாக ஒருதரம் நடந்து பார்க்கட்டும், கணவன் பின்னால் தள்ளி நிற்கட்டும். இரண்டு பேராகப் போனால் தெரியாதது அப்போது தெரியும்.

வீட்டுக்காரர் பெயர், வேலை, அடையாள அட்டை கேட்பது நியாயம். மச்சம் (மீன், இறைச்சி) சமைப்பீர்களா என்று கேட்டாலும் அது அவர் வீடு, முதலிலேயே தெரிவது நல்லது. "சொந்த ஊர் எது, அங்க எந்தப் பக்கம், ஆற்ற ஆக்கள்?" என்று தோண்டத் தொடங்கினால் அது சாதி அறியும் விசாரணை. பதில் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அந்தக் கேள்வியோடு தரும் வீடு எவ்வளவு நல்லதானாலும் விட்டுவிடுங்கள். உங்களைப் பார்க்க வரும் நண்பர்களையும் அந்தக் கண் அளந்துகொண்டேயிருக்கும்.

வீட்டுக்குள் பார்க்கவேண்டியது கொஞ்சம்தான். மேல்மாடி கொங்கிறீற் கூரைக்கு நேர்கீழே என்றால் பங்குனி, சித்திரையில் இரவு பத்து மணி வரை சுவர் சுடும். ஓட்டு வீடு குளிர்ச்சி, ஆனால் ஒழுக்கைப் பாருங்கள். மின்மானி தனியா என்பது முக்கியம். மின்சாரத்தில் அலகு கூடக்கூட ஒரு அலகின் விலையும் ஏறும். வீட்டுக்காரரோடு ஒரே மானி என்றால் இரண்டு குடும்பத்தின் பாவனையும் சேர்ந்து மேல் கட்டணத்துக்குப் போய், சிக்கனமாக இருந்தாலும் உங்கள் பங்கு கூடும்.

ஆறாம் படி: எழுத்து

வெளிநாட்டில் இருப்பவரின் வீடென்றால் இங்கே கையெழுத்து வைப்பவரிடம் அற்றோர்னித் தத்துவம் உண்டா என்று பாருங்கள். உறுதியின் பிரதியில் உள்ள பெயரும், தத்துவம் கொடுத்தவரின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். சகோதரங்கள் சேர்ந்து உரித்தான வீடென்றால் மற்றவர்களின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். இல்லாவிட்டால் கனடாவில் இருந்து ஒரு தம்பி வந்து "என்ர பங்கில ஆர் இருக்கிறது?" என்று கேட்கும் நாள் வரும்.

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். ஆறு மாதம், ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்பவர்கள் உண்டு. அது மாதாமாதம் கழிபடுமா, கடைசியில் திருப்பித் தரப்படுமா என்று தெளிவாக எழுதுங்கள். இந்த ஊருக்கே உரிய ஒரு வரி சேருங்கள்: திருவிழாக் காலத்தில் சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்து வந்தாலும் ஒப்பந்த காலம் முடியமுன் எழுப்பக்கூடாது, எழுப்புவதென்றால் மூன்று மாத முன்னறிவித்தல். மோட்டர் எரிந்தால் யார் திருத்துவது, கிணறு இறைத்துத் துப்புரவாக்குவது யார் செலவு என்பதும் அதில் வரவேண்டும். வீடு ஏற்கும் நாளில் மின்மானி, நீர்மானி இலக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள், பழைய பாக்கி உங்கள் தலையில் விழாது.

ஏழாம் படி: குடிவந்த முதற்கிழமை

கிராம அலுவலரிடம் பதிந்து, பழைய இடத்தில் பெயரை நீக்கி, இங்கே வாக்காளர் இடாப்பில் சேருங்கள். இதைப் பிற்போடாதீர்கள். அரச பாடசாலையில் முதலாம் தரத்துக்கு வதிவிட அடிப்படையில் விண்ணப்பிக்கும்போது அதற்கு முந்திய ஐந்து வருட வாக்காளர் பதிவுக்குப் புள்ளி உண்டு. அடுத்த வருடம் பிள்ளை பிறந்தால் அந்த ஐந்து வருடம் ஏறக்குறைய இப்போதே தொடங்குகிறது. வாடகைக் குத்தகையை விடச் சொந்த உறுதிக்குப் புள்ளி கூட என்பதால், விரும்பும் பாடசாலைக்கு அருகில் பின்னர் காணி வாங்க எண்ணுபவர்கள் இப்போதே அந்தப் பக்கத்தில் வாடகைக்கு இருப்பது புத்தி.

அதே கிழமையில் அப்பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர் யாரென்று கேட்டு உங்கள் பெயர்களைக் கொடுங்கள். தம்பதிகளைப் பதிவது அவருடைய வேலை. கர்ப்பத்துக்கு முன்பே போலிக் அமிலம், இரத்தப் பரிசோதனை, றுபெல்லா தடுப்பூசி விபரம் எல்லாம் அவர் வழியாக இலவசமாக வரும். தண்ணீர் பழுதென்று சந்தேகித்தால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அப்பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பிடிக்கலாம்.

காணி வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு புரட்டாதியும் ஒரு கார்த்திகையும் அந்த ஒழுங்கையில் கழியும் வரை பொறுங்கள். அதற்குள், பார்த்து வைத்த காணி பங்குக் காணியா என்று சட்டத்தரணியிடம் விசாரியுங்கள். பங்குக் காணி என்றால், தேசவழமைச் (யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச்) சட்டப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. அவர்களுக்கு முறையாக அறிவிக்காமல் எழுதிய உறுதியைப் பின்னர் வழக்குப் போட்டுக் கேட்கலாம்.